யாருடைய கண்ணுக்காக?



சென்ற ஷஃபான் மாதக் கடைசியில் எங்கள் வீட்டு டெலிவிஷன் பெட்டி மௌத்தாகிவிட்டது. ஈப்போவின் பிற்பகல் இடிமழையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஆன்டெனா கம்பியையும் கழற்றிவிட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்று எல்லாரும் மறந்துவிட்டோம். கிளேடாங் மலைப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது, பெட்டி இருண்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "இதற்குச் செலவழிக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

புதிய பெட்டி வாங்குவதைப் பற்றி சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடைத் தராசு கற்றுக் கொடுத்ததும்தான் என் கல்வி. ஆனால் இந்தப் பெட்டி விஷயத்தில் என் மனசை நானே கையும் களவுமாகப் பிடித்த ஒரு சம்பவம் நடந்தது. அது மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படலாம் என்பதால் எழுதத் துணிந்தேன்.

மறுநாள் காலை, எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று பார்ப்பதற்காக அளவு நாடாவை எடுத்தேன். ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்படி மகனிடம் கொடுத்துவிட்டு, மறு முனையோடு நடந்தேன். கூடத்தைக் கடந்தேன். நாடா பதினாறு அடியில் வாசல்படியோடு தீர்ந்துவிட்டது. நான் அதைக் கீழே விட்டுவிட்டு, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, மிச்சத் தூரத்தை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"அத்தா, எங்க போறீங்க? நாம உட்கார்றது இங்கதானே?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான் மகன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சென்ற நோன்புப் பெருநாளில் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். காரை விட்டு இறங்கும்போதே அவர்கள் கூடத்தில் இருந்த 65 அங்குலப் பெட்டி கண்ணில் பட்டது. கேக்கும் ரெண்டாங்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். என்ன ருசி என்று இப்போது நினைவில்லை. பெட்டி மட்டும் நினைவில் இருந்தது. இந்தப் பெருநாளில் வருகிறவர்கள் என் வீட்டுக் கேட்டில் நின்று பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன். வாய் "வீட்டுக்கு வாங்குகிறேன்" என்றது. கால் உண்மையைச் சொல்லிவிட்டது.

ஒரு செயலை அதன் எண்ணத்தை வைத்தே எடை போட வேண்டும் என்று மதரஸாவில் முதல் பாடமாக ஓதிக் கொடுத்தார்கள். தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத்து வேண்டும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறோம். சாமான் வாங்கும்போது நிய்யத்து என்ன என்று யார் கேட்கிறோம்? ஆகவே இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்: நம் வீட்டுக்கு ஒரு டெலிவிஷன் வாங்கும்போது, யாருடைய கண்ணுக்காக வாங்குகிறோம்?

நம் பெரியவர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பெட்டி ஹலாலா, ஹராமா? இந்நாட்டில் டெலிவிஷன் ஒளிபரப்பை 1963-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் தொடங்கி வைத்தார்கள். வண்ணப் படம் 1978-ல் வந்தது. அந்த நாட்களில் வீட்டுக்குள் பெட்டியை ஏற்றாமல் இருந்த குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. சவூதி அரேபியாவில் இந்தச் சர்ச்சைக்கு இரத்தமே சிந்தியது. மன்னர் பைஸல் 1965-ல் டெலிவிஷனைக் கொண்டுவந்தபோது, எதிர்த்தவர்களில் ஒருவரான இளவரசர் காலித் பின் முஸாயித் காவல் படையினரோடு ஏற்பட்ட மோதலில் மாண்டார். பத்து வருஷம் கழித்து, 1975-ல், மன்னர் பைஸலைச் சுட்டுக் கொன்றவர் அந்த இளவரசரின் சகோதரர். இன்று அதே நாட்டிலிருந்து கஅபாவின் காட்சி இராப்பகலாக ஒளிபரப்பாகிறது; நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணீரோடு பார்க்கிறார்கள். பாத்திரம் ஒன்றுதான், அதில் ஊற்றுவதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு என்ற முடிவுக்குப் பெரும்பாலான ஆலிம்கள் வந்துவிட்டார்கள். அதை நான் மறுபடி கிளப்பப் போவதில்லை. பெட்டி ஆகுமானது என்று முடிவான பிறகும் பாக்கி நிற்கிற கேள்வியைத்தான் கேட்கிறேன்.

அடுத்தவர் கண்ணுக்காக வாங்குவது தவறு, நம் கண்ணுக்காக வாங்குவதே சரி என்று சொல்லிவிட்டுக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அது அத்தனை சுலபமில்லை என்பதற்கு என் சிறு வயதுச் சம்பவம் ஒன்று சாட்சி.

என் அத்தா அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு, சிம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையில் உள்ள ரப்பர் தோட்டங்களில் தவணைக்கு விற்றுவந்தார்கள். பள்ளி விடுமுறையில் என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார்கள். 1990-ஐ ஒட்டிய காலம். அத்தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

ஒரு லயத்தில் பால்மரம் வெட்டும் அம்மா ஒருவர் இருந்தார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். அவர் பட்டணத்துக் கடை ஒன்றில் தவணைக்கு ஒரு கலர் டெலிவிஷன் எடுத்திருந்தார். அந்த வரிசையிலேயே அதுதான் பெரிய பெட்டி. அதை அவர் வீட்டுக்குள் சுவர் ஓரமாக வைக்கவில்லை. வாசலைப் பார்க்க வைத்திருந்தார். தமிழ்ப் படம் போடுகிற நாளில் கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுவார். லயத்துப் பிள்ளைகள் திண்ணையில் உட்காருவார்கள். பெரியவர்கள் வாசலில் நிற்பார்கள். அத்தா கணக்குப் பார்த்து முடிக்கும் வரை நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "சாயபு வீட்டுப் புள்ள, நல்லா முன்னால வந்து உட்காருப்பா" என்று அந்த அம்மா இடம் கொடுத்ததுண்டு.

பிறகு மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது; வெட்டாவிட்டால் கூலி இல்லை. தவணை நின்றது. ஒரு நாள் நாங்கள் போயிருந்தபோதே கடைக்காரர்கள் வேனில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லயமே வெளியில் வந்து நின்று பார்த்தது. அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அத்தா அவரிடம் துணிப் பாக்கியைக் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் வெகுநேரம் பேசாமல் வந்தவர்கள் ஒன்று மட்டும் சொன்னார்கள்: "பார்த்த கண்ணுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வெள்ளி குடுத்திருந்தா பெட்டி போயிருக்காது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அந்த அம்மா தம் சக்திக்கு மீறிக் கடன் பட்டது தவறு என்று சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரும் அடுத்தவர் கண்ணுக்காகத்தான் பெட்டியை வாசலைப் பார்க்க வைத்தார். நானும் அடுத்தவர் கண்ணுக்காகத்தான் கேட்டிலிருந்து அளந்தேன். அவர் பெட்டியின் முகமும் வாசலை நோக்கி. என் பெட்டியின் முகமும் வாசலை நோக்கி. இருந்தும் இரண்டும் ஒன்றாகுமா? அவர் மற்றவர்களும் தம்மோடு சேர்ந்து பார்க்கட்டும் என்று வைத்தார். நானோ மற்றவர்கள் என்னைப் பார்க்கட்டும் என்று வைக்க நினைத்தேன்.

திருமறையின் 107-வது அத்தியாயமான ஸூரத்துல் மாஊனை நாம் எல்லாரும் தொழுகையில் ஓதுகிறோம். சிறிய அத்தியாயம் என்பதால் வேகமாக ஓதிவிட்டு ருகூவுக்குப் போய்விடுகிறோம். பிறர் பார்ப்பதற்காகச் செய்கிறவர்களைக் கண்டிக்கிற அந்த இடத்திலேயே, அதோடு சேர்த்தே, அன்றாடம் புழங்கும் அற்பப் பொருளைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்க மனமில்லாதவர்களும் கண்டிக்கப்படுகிறார்கள். அந்த அற்பப் பொருள் எது என்பதற்குச் சட்டி, வாளி, கோடாலி என்று விரிவுரையாளர்கள் உதாரணம் சொல்கிறார்கள். முகஸ்துதிக்கும் வாளி இரவலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கேட்டில் நின்ற அந்தக் காலையில்தான் விளங்கிற்று. ஒரே பொருளை அடுத்தவர் முன்னால் இரண்டு விதமாக வைக்கலாம். காட்டுவதற்காக வைத்தால் கை மூடிக்கொள்கிறது. கொடுப்பதற்காக வைத்தால் காட்டுவதற்கு அவசியமே இல்லாமல் போகிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "அல்லாஹ் வசதியைக் கொடுத்தால் அது அடியானிடம் தெரிய வேண்டும் என்று ஹதீஸில் வருகிறதே. உழைத்த காசு, ஜகாத்தும் கொடுத்தாயிற்று. பெரிய பெட்டி வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் வினவியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பெருமை என்று சொல்லவில்லை. உண்மையைத் தட்டிவிடுவதையும், மனிதர்களை இழிவாக எண்ணுவதையுமே பெருமை என்று விளக்கினார்கள். ஆகவே அங்குலத்தில் பாவம் இல்லை. 75 அங்குலம் வாங்கி மனசு சுத்தமாக இருக்கிறவர் உண்டு. 32 அங்குலம் வாங்கிவிட்டு "என்னைப் போல் எளிமையாக யார் இருக்கிறார்கள்" என்று பெருமை பிடித்தவரும் உண்டு. நண்பர் கேட்டதற்கு என் பதில் இவ்வளவே: என் விஷயத்தில் எனக்குத் தெரியும், அந்த உறவினரைச் சிறியவராக்கத்தான் எனக்குப் பெரிய பெட்டி வேண்டியிருந்தது. அவரவர் நாடா எங்கே போய் நிற்கிறது என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, வீட்டில் உட்காரும் கண்களுக்காக அளந்தால் என்ன கணக்கு வருகிறது என்று பார்ப்போம்.

எங்கள் கூடத்தில் நாற்காலியிலிருந்து சுவர் ஏழு அடி. அதாவது 84 அங்குலம். பெட்டியின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை தூரத்தில் உட்கார்ந்தால் பார்க்கச் சௌகரியம் என்று சொல்லப்படுகிறது. 43 அங்குலப் பெட்டிக்கு ஏழடி என்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு, போதுமானது. அடுத்தது புள்ளிக் கணக்கு. 4கே என்று எழுதியிருக்கும் திரையில் குறுக்கே 3,840 புள்ளிகள். அதற்கு முந்திய ரகத்தில் 1,920. நல்ல பார்வையுள்ள மனிதக் கண், ஏழடி தூரத்தில், சுமார் 0.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியாது. 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். அதை 1,920-ஆல் வகுத்தாலே அரை மில்லிமீட்டர்தான் வருகிறது. அதற்குமேல் பொடிப்பொடியாக நறுக்கினாலும் ஏழடியில் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது அந்த அளவுப் பெட்டிகள் பெரும்பாலும் 4கே ஆகவே வருகின்றன. வந்தால் வாங்குங்கள், நஷ்டமில்லை. ஆனால் அதைவிட நுணுக்கம் என்று சொல்லி விலையை ஏற்றினால், அந்தக் காசு கண்ணுக்குப் போகவில்லை, பெயருக்குப் போகிறது.

கடையில் பார்க்கும்போது எல்லாப் பெட்டியும் ஜொலிக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டிக்குள்ளேயே கடைக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் வெளிச்சமும் வர்ணமும் உச்சத்துக்கு ஏறிவிடும். கடையின் விளக்கு வெளிச்சத்தில் மங்காமல் தெரிய அது வேண்டியிருக்கிறது. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் அதே வெளிச்சத்தை வைத்தால் கண் கூசும், மின்சாரமும் அதிகம் தின்னும். கடைக்காரனாகிய நானே இதைச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். நானும் ஆப்பிளைத் துடைத்து, சிவந்த பக்கத்தை முன்னால் திருப்பித்தான் அடுக்குகிறேன். அது அலங்காரம். அழுகலை அடியில் மறைத்தால்தான் மோசடி. அளவில் மோசம் செய்பவர்களுக்கென்றே 83-வது அத்தியாயம் இறங்கியிருக்கிறது. ஆகவே வாங்குகிறவர் கூச்சப்படாமல், "வீட்டு அமைப்பில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் இருந்தால் மின்சாரச் சிக்கனம். இந்நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-ல் நிறுத்தப்பட்டுவிட்டதால், டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 வசதி உள்ளே இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு சாதாரண ஆன்டெனாவிலேயே ஆர்டிஎம் நிகழ்ச்சிகளும் தமிழ்ச் செய்தியும் மாதக் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு மகன் ஒரு வாதம் வைத்தான். "அத்தம்மாவுக்குக் கண் சரியா தெரியாதே. அவங்களுக்காகவாவது பெரிசா வாங்கலாமே" என்றான். சரியான வாதம்தான் என்று எனக்கும் சபலம் தட்டியது. என் மனைவிதான், "அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள். நாங்கள் கேட்கவே இல்லை. வீட்டில் அதிக நேரம் பெட்டியின் முன்னால் உட்காருகிறவர்கள் அவர்கள். மூன்று நாட்களாக அங்குலச் சண்டை நடந்தும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டோம். அம்மா சொன்னார்கள்: "படம் தெரியுதுப்பா. நாற்காலிய கொஞ்சம் முன்னால போட்டுக்குவேன். பேசறதுதான் கேட்கல. ரெண்டு வருஷமா செய்தியில வாய் அசையறத பாத்துக்கிட்டு இருக்கேன்."

சகோதரர்களே, அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எப்படி எழுதுவேன்! கண், கண் என்று மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தோம். குறை காதில் இருந்தது. இக்காலப் பெட்டிகள் அட்டை போல் மெலிந்துவிட்டதால் ஒலிபெருக்கிக்கு உள்ளே இடம் இல்லை. அது கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துப் பேசுகிறது. சுவர் கேட்கிறது, மனிதருக்குக் கேட்பதில்லை. பெரிய திரைக்காக ஒதுக்கிய காசில் கொஞ்சம் எடுத்து, திரைக்குக் கீழே வைக்கிற நீண்ட ஒலிபெருக்கி ஒன்று வாங்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். இதை எந்த விளம்பரமும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்த ஒருவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அடுத்து, எந்தக் காசில் வாங்குவது? கையில் இருந்தால் ரொக்கம், அதில் பேச்சில்லை. தவணை என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை என்று சொல்லி, பிரிவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்து எழுதிக்கொண்டால் அது வியாபாரம் என்று நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். என் அத்தா விற்றதும் அந்த முறையில்தான். ஆனால் பணம் கட்டத் தாமதமானால் கடன் வளரும் என்று நிபந்தனை இருந்தால் அது வட்டியின் வாசல். ஆகவே கையெழுத்துப் போடும் முன், தாமதமானால் என்ன ஆகும் என்ற பத்தியைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். "நூற்றுக்குப் பத்துதான்" என்ற பேச்சிலும் மயங்காதீர்கள். 2,000 வெள்ளிக்கு வருஷத்துக்கு 200 வீதம் மூன்று வருஷத்துக்கு 600 சேர்த்து, 36 மாதம் கட்டினால், மாதம் 72 வெள்ளிச் சொச்சம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கூடுதல் மட்டும் முழு 2,000-க்கே போடப்படுகிறது. உள்ளபடி கணக்குப் பார்த்தால் அது நூற்றுக்குப் பதினெட்டு அளவுக்கு வந்து நிற்கும். லயத்து அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நமக்குள் யாருக்கும் அந்தக் குறை இருக்கக் கூடாது. சங்கத்தில் கணக்குத் தெரிந்த வாலிபர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெட்டியின் கண். இணையத்தோடு சேரும் இக்காலப் பெட்டிகளில் சில, நாம் என்ன பார்க்கிறோம் என்பதைக் குறித்துக்கொண்டு வெளியே அனுப்பும் தன்மை உள்ளவை. இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் விஜியோ என்ற நிறுவனம் ஒரு கோடியே பத்து லட்சம் பெட்டிகளில் இப்படிச் சம்மதமில்லாமல் விவரம் சேகரித்ததாக அரசாங்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி அந்நிறுவனம் சமாதானம் செய்துகொண்டது. அடுத்தவர் வீட்டு விஷயத்தைத் துருவிப் பார்ப்பதை 49-வது அத்தியாயம் தடுத்திருக்கிறது. அனுமதி கேட்டு, பதில் வரும்வரை வாசலில் நிற்கிற மரியாதையைப் படித்த சமூகம் நாம். ஆனால் புதுப் பெட்டியை முதன்முதலில் போடும்போது அது ஒவ்வொன்றாகக் கேட்கிற கேள்விக்கெல்லாம், படம் சீக்கிரம் வரட்டும் என்ற அவசரத்தில், "சம்மதம், சம்மதம்" என்று அழுத்திக்கொண்டே போகிறோம். அந்த இடத்தில் நிதானியுங்கள். பார்ப்பதைக் குறித்துக்கொள்வதற்கும் விளம்பரத்துக்கும் கேட்கிற அனுமதிகளை மறுத்தாலும் பெட்டி வேலை செய்யும்.

கடைசியாக, எங்கே வைப்பது? ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெட்டி என்பது இப்போது சில வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நம் பெரியவர்கள் டெலிவிஷனை அஞ்சியது, அது வீட்டு மஃரிபையும் பேச்சையும் தின்றுவிடும் என்பதால். காலம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று ஆளுக்கு ஒரு கைப்பேசி. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு உலகம். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அல்லாஹ்வுக்கும் அவரவருக்கும்தான் வெளிச்சம். இந்த நிலையில், கூடத்தில் இருக்கும் ஒற்றைப் பெட்டி ஒன்றுதான் எல்லாரும் சேர்ந்து பார்க்கிற பொருளாக மிஞ்சியிருக்கிறது. தாயும் மகளும் மருமகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதற்குத் தணிக்கை அதிகாரி தேவையில்லை. வெட்கமே தணிக்கை செய்கிறது. அதே பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனால் அந்தக் காவல் போய்விடுகிறது. ஆகவே ஒன்று போதும், அதுவும் கூடத்தில்.

நாங்கள் 43 அங்குலமும் ஒலிபெருக்கியும் ரொக்கத்துக்கு வாங்கினோம். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இல்லையென்று சொன்னால் பொய். எனக்கும் பெருநாள் அன்று அந்த உறவினர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது, கண் ஒருமுறை பெட்டியின் பக்கம் போய்த் திரும்பியது. நஃப்ஸு ஒரே நாளில் சாகிற பிராணி அல்ல.

நம் காலை பத்து மணிக்கு மக்காவில் சுப்ஹு தொழுகை நேரம். அம்மா அந்த நேரத்தில் கூடத்தில் உட்காருகிறார்கள். சத்தம் தெளிவாக வெளியே கேட்கவே, பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி ஒரு நாள் எட்டிப் பார்த்தார். இப்போது தினமும் வருகிறார். அம்மாவுக்கு மலாய் அரைகுறை. அந்த அம்மையாருக்குத் தமிழ் அறவே தெரியாது. இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியட்டும் என்று அம்மா பெட்டியைக் கொஞ்சம் வாசல் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் திரும்ப நேராக்கவில்லை.

நம் எண்ணங்களை வல்ல அல்லாஹ் சீராக்கி வைப்பானாக! நம் வீட்டுக் கதவுகளைத் திறந்த கதவுகளாக வைப்பானாக! ஆமீன்.